தபீதாளம்மாவின் ஆறு மாதம்

உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு தபீதாளம்மா அளவு எடுக்கிறார். தோள், கை, மார்பு, இடுப்பு. எண்களை வாய்விட்டுச் சொல்வதில்லை. நோட்டில் குறித்ததும் உள்ளங்கையால் மறைத்துக்கொள்வார். "இன்னா அளவு வந்துது?" என்று கூட வந்த தாயே கேட்டாலும், ஊசிகளை எடுத்துவிட்டு, "துணிக்குத் தெரிஞ்சா போதும்மா" என்பார். தெலுங்குக்காரிகளுக்கு, "சரிப்போதுந்தி லேம்மா", சரியாகிவிடும் என்பதோடு சரி.

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் எழுபதுகளின் தொடக்கத்தில் அவரை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அப்போதெல்லாம் தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே அவர் சத்தம் கேட்கும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பெண்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் அவர் வீட்டு முன்னறையிலேயே கிடப்போம். வறுத்த வேர்க்கடலையைக் கொறித்தபடி அவர் "கேட்டியாடி" என்று தொடங்கினால், வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றும் மனம் ஏங்குகிறது. கூசவும் செய்கிறது.

எழுபத்திரண்டில் எலிசபெத் டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்குக் கங்காதர நெல்லூர்ப் பள்ளியில் வேலை, மாப்பிள்ளைக்கு ஊர் திருப்பதி. கல்யாண ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தபோது இடுப்பில் இறுக்கியது. தபீதாளம்மாதான் தப்பாக வெட்டியிருந்தார். அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. டீச்சர் போனதும் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"ஒரே மாசத்துல இடுப்பு ரெண்டு இஞ்சு ஏறிக்கீது. ஏன்னு நீங்களே ரோசிச்சுக்கோங்க."

சிரித்தோம். பத்தே நாளில் அந்தப் பேச்சு திருப்பதி போய்ச் சேர்ந்தது. கல்யாணம் நின்றது.

அடுத்த வாரம் மிஷின் ஊசி அவர் கட்டைவிரலில் இறங்கியது. சீழ் பிடித்துக் கத்தரியைத் தொட முடியாமல் போனது. போதகர் தியோடர் ஐயரிடம் ஓடினார். "ஆண்டவரு என்னைச் சிட்சிச்சிட்டாரு ஐயரே. விரலே பூடும் போலக்கீது."

"விரல் ஆறிடும்மா," என்றார் ஐயர். "சிட்சைங்கிறது வலியோட முடியறதில்ல. திரும்பி வான்னு அவர் கூப்பிடறாரு. அந்தப் பொண்ணுகிட்ட போனீங்களா?"

போனார். எலிசபெத் வாசலில் நின்றபடி எல்லாம் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று முறை திருப்பதிக்கு பஸ் ஏறி, மாப்பிள்ளை வீட்டில், "தப்பா வெட்னதும் நானு, பொய் சொன்னதும் நானு" என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் வேறு பெண் பார்த்து முடித்திருந்தார்கள். கடைசியில் ஒரு ஞாயிறு, யாரும் கேட்காமலே சபை நடுவில் எழுந்து நின்று அத்தனையும் சொன்னார். அன்று சிரித்த நாங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. ஒருத்தியும் அவரோடு எழவில்லை.

ஆறு மாதம் அவருக்குத் திருவிருந்து, பீடத்தின் முன் முழங்காலிட்டு வாங்கும் அப்பமும் ரசமும், கிடையாது என்று சபைக் கமிட்டி தீர்மானித்தது. வேறு யாராவது என்றால் கோயிலையே மாற்றியிருப்பார்கள். அவர் ஒரு வாரமும் தவறவில்லை. எல்லோரும் பீடத்துக்குப் போகும்போது காலியான பெஞ்சுகளுக்கிடையே அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். ஆனால் பாட்டை விடமாட்டார். போகிற எங்கள் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வந்துகொண்டே இருக்கும்.

தவணை முடிந்த ஞாயிறு ஐயர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். எழுந்து வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். பீடத்தின் முன் முழங்காலிட்டிருந்த வரிசையில் ஓரத்தில் இருந்தது எலிசபெத்.

எலிசபெத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை. பக்கத்துப் பெண்ணோடு நெருங்கி ஒண்டிக்கொண்டு, தரையில் கிடந்த தன் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் சுருட்டி வைத்து, ஓர் ஆள் முழங்காலிட இடம் விட்டாள்.