பத்து லட்சம் பேர் பார்த்த ஜீப்பு

அமுதவள்ளியைப் பற்றி இப்போது ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பெற்ற தாயின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவள் என்று அவள் ஊர் சிலமலையில் ஒரு கூட்டமே சொல்லித் திரிகிறது. அவர்களோடு மல்லுக்கு நின்று எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவளோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள் நான், முஸ்கான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அமுதாவின் அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா சுருளியம்மாள் விடியுமுன் ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி, எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரம் திரும்புவார். அந்தக் கூலியில்தான் மகளை பி.காம் படிக்க வைத்தார். படித்து முடித்தவள் போடியில் கோட்டைச்சாமி முதலாளியின் ஏலக்காய்க் கடைக்குப் பார்சலில் விலாசம் ஒட்ட வந்தாள். கடை பழையது; ஆன்லைனில் விற்பது மட்டும் புதிது.

ஒரு நாள் சேலத்து அம்மா ஒருவர், காய் வெளுத்துக் கிடக்கிறது, ஏமாற்றுக்காரர்கள் என்று கண்டபடி எழுதியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அமுதாதான் பொறுமையாகப் பதில் போட்டாள். சாயம் ஏற்றாத காய் வெளிச்சம் பட்டால் வெளுக்கும், டப்பாவில் மூடி வையுங்கள், ஒரு காயை உடைத்து விதை கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கிறதா பாருங்கள் என்று எழுதினாள். அந்த அம்மா அடுத்த மாதமும் வாங்கினார், தன் நாத்தனாரையும் வாங்க வைத்தார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அமுதாவுக்கு ஒரு மேசை போட்டு, என்னையும் துணைக்கு உட்கார வைத்தார். கேள்விக்குப் பதில் போடுவதும் வீடியோ எடுத்துப் போடுவதும் எங்கள் வேலை; இரண்டு பேர், ஒரு போன். அதற்குப் பெயர் கன்டென்ட் டீம்.

அமுதா தானாகவே ஒரு டார்கெட் வைத்துக்கொண்டாள். ஒரு தடவை வாங்கியவர் திரும்ப வருகிறாரா, கேள்வி கேட்டவருக்குப் பதில் போய்ச் சேர்ந்ததா. அவ்வளவுதான். பழைய ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், யாவாரம் மெல்ல ஏறியது. இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி மதுரையில் ஏதோ யாவாரிகள் கூட்டத்துக்குப் போய்வந்தார், அன்றைக்குப் பிடித்தது சனி.

"முருங்கக்கீரப் பொடி விக்கிறான் ஒருத்தன். அவன் வீடியோவ இருவது லட்சம் பேரு பாக்குறான். நம்மளத ஆயிரம் பேரு பாக்க மாட்டேங்கிறான். என்ன சோலிம்மா பாக்குறீங்க?" என்று வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

அமுதா தணிந்துதான் பேசினாள். "அண்ணே, ஏல சென்டருக்கு வேடிக்க பாக்க வர்றவங்கள நீங்க கணக்குல சேப்பீங்களா? ஏலத்துல காய வாங்குறவங்களத்தானே பாப்பீங்க? இதுவும் அப்பிடித்தாண்ணே."

"எனக்கே யாவாரம் சொல்லித் தர்றியாக்கும்? தீவாளிக்குள்ள ஒரு வீடியோவாச்சும் பத்து லட்சம் போகணும். போகலன்னா டீமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையிலிருந்த தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். எனக்கென்ன, என்னைப் பெற்ற அத்தா கடையில் போய் உட்கார்ந்தாலும் சோறு உண்டு. அவளுக்கு? அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் இந்த வேலை நிலைத்தால் அம்மாவை மலைக்குப் போகவிடாமல் நிறுத்திவிடலாம் என்று நாளெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னென்னவோ செய்து பார்த்தோம். ஏலக்காய் டீ, பாயசம், போடிமெட்டுப் பனி, எதையும் நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஏலக்காய் மாலை போட்டுக்கொண்டு ஆடக்கூடச் செய்தேன். எங்க அத்தா ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை.

கடைசியில் சுருளியம்மாள்தான், "எங்க ஜீப்ப எடுங்கத்தா. பாட்டும் கூத்துமாத்தான போறோம்" என்றார். அம்மாவைக் காட்சிப்பொருள் ஆக்க மாட்டேன் என்று அமுதா முதலில் ஒரேயடியாக மறுத்தாள். தீபாவளி நெருங்க நெருங்க அவள் பிடிவாதம் கரைந்தது.

அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் பூ வைத்து, பவுடர் போட்டு வந்திருந்தார்கள். டிரைவர் லிங்கேஸ்வரன் ஜீப்பைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான். உள்ளே மடிமேல் மடியாக உட்கார்ந்து, பின்னால் படியில் தொற்றிக்கொண்டு, ஒருத்தி பாட, மற்றவர்கள் கைதட்ட, வண்டி கிளம்பியது. "எங்க ஜீப்புல இருவத்தோரு பேருடியோய்!" என்று சுருளியம்மாள் சிரித்துக்கொண்டே கத்தினார். அதையே தலைப்பாகப் போட்டோம். போடியில் பிறந்த கண்ணுக்கு அந்த ஜீப்பு உறுத்துமா? தினமும் பார்ப்பதுதானே. எனக்கும் உறுத்தவில்லை, அவளுக்கும் உறுத்தவில்லை, முதலாளிக்கும் உறுத்தவில்லை. சிரிப்பும் பூவும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டே நாளில் பத்து லட்சம் தாண்டியது. முதலாளி கடை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அதற்குள் வெளியூர்க்காரர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இது மனுஷர் ஏறும் வண்டியா, ஆடு ஏற்றும் வண்டியா, அதிகாரிகள் தூங்குகிறார்களா என்று ஒரே வசவு. எவரோ ஒரு புண்ணியவான் அதை மேலிடம் வரைக்கும் அனுப்பிவைத்தார். மறுநாள் காலை மலையடிவாரத்தில் லிங்கேஸ்வரன் ஜீப்பைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். மற்ற டிரைவர்கள் பயந்துபோய், சீட்டுக்குத் தக்க ஆள்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த வளைவுகளில் ஜீப்பு உருண்டு எத்தனை வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்கிறது, எங்களுக்குத் தெரியாதா? ஆனால் ஜீப்பை நிறுத்தினால் அந்த நேரத்துக்கு ஒரு பஸ்சு விட வேண்டாமா? வசவு எழுதிய மகராசன்களில் ஒருவராவது அதைக் கேட்டாரா? திட்டியதோடு அவர்கள் கடமை முடிந்துவிட்டது, தூங்கப் போய்விட்டார்கள்.

இருக்கிற சீட்டில் சின்ன வயசுக்காரிகள் முந்திக்கொண்டார்கள். சுருளியம்மாள் தூக்குவாளியோடு நின்றார். வருடக்கணக்காக அவர் மடியில் உட்கார்ந்து மலையேறிய முத்துப்பேச்சி, வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இது ஒம் மவ செஞ்ச சீரு. அவளயே வந்து ஒன்னய மலையில எறக்கிவிடச் சொல்லு."

அந்த வண்டி டிரைவரும் தலையைச் சொறிந்தான். "பெரியம்மா, நீங்க ஏறுனா மத்தவங்க எறங்கிருவோம்ங்கிறாங்க. தப்பா நெனைக்காதீங்க."

அவர் தூக்குவாளியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாளும் போய் நின்றார், மறுநாளும் திரும்பினார். அதற்குப் பிறகு போகவில்லை. அமுதா வீடியோவை எடுத்துவிட்டாள். எடுத்து என்ன பிரயோசனம்? அதற்குள் கண்டவனெல்லாம் தன் போனில் இறக்கிவைத்து மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தான்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். வீடியோவை எடுத்ததற்குத் திட்டுவார் என்று நினைத்துப் போனால் மனுஷன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறார்.

"அதான் ஊரே பாத்துருச்சுல்ல. அடுத்த டார்கெட்டு அம்பது லட்சம்."

"எத்தன ஆர்டர் வந்துச்சுன்னு பாத்தீங்களாண்ணே? அந்த வசவப் பாத்துட்டுப் பழைய ஆளுகளே வேணாங்கிறாங்க" என்றாள் அமுதா.

"அது வரும்மா. இப்ப ஜனமெல்லாம் அந்தம்மாவுக்கு என்னாச்சுன்னு கேக்குது. ஒங்க அம்மா சோலியத்து வீட்டுல உக்காந்திருக்கிறத அப்பிடியே எடு. அழுதாங்கன்னா இன்னும் நல்லாப் போகும்."

"ஒங்க அம்மாவ உக்கார வச்சு எடுங்களேண்ணே!" என்று நான் கத்திவிட்டேன்.

"நீ மொதல்ல வெளிய போ."

அமுதா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "சும்மா இரு முஸ்கானு. வீட்டுல இப்ப என் சம்பளம் மட்டுந்தான்டீ."

சாயங்காலம் இரண்டு பேரும் சிலமலைக்குப் போனோம். அமுதா எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சுருளியம்மாள் முழுக்கக் கேட்டார். கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும்.

"எடு தாயி. எங்கூலிதான் போச்சு. ஒஞ்சோலியாச்சும் நிக்கட்டும்."

வாசற்படியில் போய் உட்கார்ந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். அமுதா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அழுகணுமா?" என்று கேட்டார் சுருளியம்மாள்.

அமுதா போனின் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"வெரசாச் சொல்லு தாயி. பக்கத்து வீட்டுக்காரி வந்துருவா."

"ஆமாம்மா. அழுகணும்."

அவர் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. போதும்மா, போதும்மா என்று அமுதா சொல்லியும் அவரால் நிறுத்த முடியவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே அவளும் போனை இறக்கவில்லை.