அம்பு தனிப் பார்சலில் வருகிறது

கழுகுமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் பொன்மணி பி.டி. டீச்சராக இருந்தார். கோ-கோ ஆடி வளர்ந்தவர். வீடு கோவில்பட்டியில். மணியாச்சி ஸ்டேஷனில் வேலை பார்க்கும் கணவர் மாயகிருஷ்ணன் காலையில் ரயிலேறிப் போவார்; இவர் பஸ் ஏறி எதிர்த்திசையில் போவார்.

பள்ளியின் தாளாளர் ராஜமணிக்குச் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் உண்டு. 1998-இல் சரக்கு விஷயமாகக் கல்கத்தா போனவரிடம், வில்வித்தையில் ஜெயித்து விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள். நான்கு வில்லுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் அவர் ஊர் திரும்பினார்.

லாரி பார்சலில் நீளமான பெட்டி வந்தது. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் நான்கு மரவில், நாண்கள், இரண்டு முனையிலும் தோல் பை தைத்த ஒரு கயிறு. அம்பைக் காணோம். ராஜமணி கல்கத்தாவுக்குப் போன் போட்டார்.

"அம்பு தனிப் பார்சலாம் டீச்சர். பின்னாலயே வருதாம். அதுக்குள்ள நீங்க பிள்ளைகளுக்கு அடிப்படையச் சொல்லிக் குடுத்துருங்க" என்றார்.

அடிப்படை மட்டும்தான் பொன்மணிக்கும் தெரியும். மெட்ராஸில் நடந்த பயிற்சிக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். நாணேற்றக் கற்றுக்கொடுத்த மறுநாள் பிடித்த மழை, பயிற்சி முடியும்வரை விடவில்லை. அதனால் நாணேற்றுவதை மட்டும் பழுதில்லாமல் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

அது லேசான வேலையும் இல்லை. நாண் மாட்டாமல் கிடக்கும்போது அந்த வில்லின் இரண்டு முனைகளும் மறுபக்கமாக வளைந்து நிற்கும். அந்த வளைவைப் பார்த்து, வசதியாக இருக்கிறதே என்று அப்படியே நாணை மாட்டினால் வில் தலைகீழாகிவிடும். வளைவுக்கு எதிராகத்தான் வளைக்க வேண்டும். வளைக்கும்போது கை நழுவினால் முனை நேரே முகத்துக்கு வரும். அதற்காகத்தான் அந்தக் கயிறு. இரண்டு முனையையும் தோல் பைக்குள் செருகி, கயிற்றைத் தரையோடு மிதித்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினால் வில் தானாக வளையும். அப்போது நாணின் வளையத்தை மேல்முனையில் வெட்டியிருக்கும் காடிக்குள் தள்ளிவிட வேண்டும்.

"ஏட்டி இசக்கிச்செல்வி, மூஞ்சியத் திருப்பு. வில்லு நுனிக்கு நேரா மூக்கக் கொண்டு வைக்காத."

"அம்பு எப்ப டீச்சர் வரும்?"

"வரும். நீ கயித்த ரெண்டு காலாலயும் மிதி. ரெண்டு பக்கமும் நாண் காடிக்குள்ள உக்காந்திருக்கான்னு பாத்துட்டு, மெதுவா இறக்கு."

இசக்கிச்செல்வி நாணைப் பிடித்து இழுத்தாள். பொன்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்பு இல்லாம இழுத்து விடவே கூடாது. அம்போட போக வேண்டிய வேகம் பூரா வில்லுக்குள்ளயே இறங்கும். வில்லு வெடிச்சிரும்."

"அப்ப அம்பு வர்றவரைக்கும் என்ன டீச்சர் செய்யுறது?"

"பூட்டணும். கழத்தணும்."

பூட்டினார்கள், கழற்றினார்கள். ஒரு பிள்ளைக்கும் நகக்கீறல்கூட விழவில்லை. பார்வையிட வந்த அதிகாரி, இவ்வளவு பாதுகாப்பான வில்வித்தைப் பயிற்சியைத் தான் எங்குமே கண்டதில்லை என்று மனமாரப் பாராட்டிவிட்டுப் போனார்.

ஆண்டு விழா வந்தது. மேடையில் இசக்கிச்செல்வி அழகாக நாணேற்றிக் காட்டினாள். அம்பு எங்கே என்று கூட்டம் எட்டிப் பார்த்தது. பட்டு வேட்டியில் இருந்த ராஜமணி எழுந்துவந்து வில்லை வாங்கினார்.

"சார், சும்மா பிடிச்சுக்கிடுங்க. இழுத்து விட்டுராதீங்க" என்றார் பொன்மணி.

"அம்பே இல்லையே டீச்சர், யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"வில்லுக்கு ஆகும் சார்."

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றார் போட்டோக்காரர்.

ராஜமணி காதுவரை இழுத்து விட்டார். வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். வில்லின் மேல்பாதி பிளந்து பறந்து, சிறப்பு விருந்தினரின் மாலையில் செருகி நின்றது. பொன்மணி பதறிப்போய்த் தாளாளரின் கண்ணைப் பார்த்தார். கண் தப்பியிருந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. "அண்ணாச்சி வில்ல முறிச்சிட்டாருலே" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், கைதட்டல் ஓய நெடுநேரமானது. முன்வரிசையில் இருந்த ராஜமணியின் மனைவி சுந்தரம்மாள் கையில் ஒரு பெண் மாலையைத் திணித்தாள். "எந்திரிங்க மதினி. வில்ல முறிச்சவியளுக்கு மாலை போட வேண்டாமா?" பேரன் பேத்தி எடுத்த சுந்தரம்மாள் தலையைக் குனிந்துகொண்டே மேடையேறிக் கணவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினார்.

மறுநாள் ராஜமணி கூப்பிட்டனுப்பினார். வருத்தம் தெரிவிப்பார் என்று நினைத்துத்தான் பொன்மணி போனார்.

"அடுத்த வருசத்துக்கும் ஒண்ண எடுத்து வச்சிருங்க டீச்சர். கொஞ்சம் இளசாப் பாத்து வைங்க. உள்ளங்கை காந்துது."

அன்று வீட்டில் பொன்மணி பொரிந்து தள்ளினார். மாயகிருஷ்ணன் சிரிப்பை அடக்க வாய்க்குள் ஒரு கவளத்தை வைத்துக்கொண்டார். "மூணு வில்லு மிச்சம். மூணு வருசத்துல உனக்கு வேலை மிச்சம்" என்றார். பொன்மணி ரசத்தை ஊற்றாமல் எழுந்துபோனார்.

ஆனால் அந்த வார்த்தைதான் அவரை யோசிக்க வைத்தது. உடைந்த வில்லை எடுத்தார். பசை போட்டு ஒட்டி, உடைப்பு தெரியாதபடி ஜிகினாத் தாள் சுற்றினார். அடுத்த ஆண்டு விழாவில் ராஜமணி அதையே முறித்தார். அதற்கடுத்த ஆண்டும் அதையேதான் முறித்தார். நல்ல வில் மூன்றும் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன.

"இப்பல்லாம் கை காந்துறதே இல்ல டீச்சர். பழகிட்டு" என்றார் ராஜமணி.

"ஆமா சார்" என்றார் பொன்மணி. பாதுகாப்பைப் பற்றி அத்தனை நாள் பேசியதைவிட ஒரு டப்பா பசை அதிகம் காப்பாற்றியது என்பதில் அவருக்குக் கொஞ்சம் அவமானம்தான்.

2001 சித்திரையில் அம்பு வந்தது. இசக்கிச்செல்வி அதற்குள் பள்ளியை முடித்து, நர்சிங் படிக்கப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தாள். புதிய பிள்ளைகள் ஒரு குறையும் இல்லாமல் நாணேற்றி, முதல் அம்பை விட்டார்கள். அது வைக்கோல் இலக்கைத் தாண்டி விழுந்தது. கோடையில் அந்தக் கரிசல் மைதானம் கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு வெடிப்புக்குள் போன அம்பைப் படுத்துக்கொண்டு துழாவியும் எடுக்க முடியவில்லை. அடுத்ததும் அப்படியே போனது. சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி அம்பைப் பூமி வாங்கிக்கொண்டது.

ராஜமணி வந்து வெடிப்பை எட்டிப் பார்த்தார். "பருத்தி வெதைக்கிற மண்ணுல அம்பையா வெதைக்கிறது? பூட்டிக் கழத்துறதோட நிறுத்திக்கிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பிள்ளைகள் போனபின் பொன்மணி மைதானத்தில் தனியாக நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். நாணேற்றி, காடி இரண்டையும் சரிபார்த்தார். பிறகு, தம் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு அம்பைத் தொடுத்து விட்டார். சுரீரென்று இடது முழங்கைக்குக் கீழே நாண் சாட்டைபோல் அடித்தது. அங்கே தோல் காப்பு கட்ட வேண்டும் என்பது மெட்ராஸில் மழை கெடுத்த நாட்களில் வந்திருக்க வேண்டிய பாடம்.

இரவுச் சாப்பாட்டின்போது மாயகிருஷ்ணன் கையைப் பார்த்துவிட்டார். கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது.

"என்னட்டி இது?"

"நாண் அடிச்சிட்டு."

"ஊருக்கே பத்திரம் சொல்லிக் குடுக்கிறவ நீ."

"அம்பு விட்டாத்தான அது அடிக்கும். நான் எங்க விட்டேன் இதுவரைக்கும்?"

மாயகிருஷ்ணன் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து தேய்த்துவிட்டார். பாட்டிலை மூடிக்கொண்டே, "வைக்கோல்ல பட்டுதா?" என்று கேட்டார்.

"ஓரத்துல பட்டுது" என்றார் பொன்மணி. எரிச்சலையும் மீறி அவர் முகம் மலர்ந்திருந்தது.