அக்காவின் அட்டை

அக்கா என்னிடம் கேட்டது கொஞ்சம் சளிதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூடி போட்ட குப்பியை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். "நீ காறித் துப்பிக் குடு. உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

அறுபதுகளில் திண்டுக்கல் நூல் மில் ஒன்றில் இருவரும் வேலை பார்த்தோம். அவள் நான்கு வருஷமாக, நான் எட்டு மாதமாக. அவளுக்கு விடாத இருமல். டி.பி. என்று வந்துவிட்டால் செம்பட்டி மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தாள். காலையில் எனக்கும் லேசாகக் கரகரப்பு உண்டு. பஞ்சுக்குள் நிற்கிறவளுக்கு அது இல்லாவிட்டால்தான் அதிசயம். துப்பிக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு வேறு.

நாலாம் நாள் சீட்டு வந்தது. அக்காவின் பெயருக்கு நேரே கிருமி இருப்பதாக எழுதியிருந்தது. அவள் சீட்டைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருமி எனக்குத்தான்.

கல்யாணம் நின்றது. அதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ் அட்டையில் இருந்தது. மில் ஆட்களுக்கு அப்போது வந்திருந்த திட்டத்தில் டி.பி.க்குத் தனி ஏற்பாடு உண்டு: நீண்ட விடுப்பு, சானடோரியத்தில் படுக்கை, ஊசி, மாத்திரை எல்லாம் இலவசம். ஆனால் இரண்டு வருஷமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். என் அட்டை செல்லாது, அக்காவுடையது செல்லும். அட்டையில் படம் கிடையாது. எங்கள் இருவருக்கும் ஒரே முகவெட்டு.

அப்பா கொஞ்ச நேரம்தான் யோசித்தார். "நீ அவ பேர்ல போ. அவ உன் பேர்ல மில்லுக்குப் போகட்டும்." மேஸ்திரி எங்கள் மாமா. அவர் கண்டுகொள்ளவில்லை.

சானடோரியத்தில் நர்ஸம்மா அக்கா பெயரைக் கூப்பிட்டால் முதலில் எனக்கு உறைக்காது. போகப் போகத் தூக்கத்தில்கூட அந்தப் பெயருக்கு விழித்தேன். ஒருநாள் மதியம் வராந்தாவிலிருந்து யாரோ என் சொந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா குரல் மாதிரி இருந்தது. வேறு யாரையோ என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். எனக்குக் குரல் கேட்ட அந்த மதியம்தான் அக்கா ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்திருக்கிறாள்.

குப்பியில் இருந்தது என் சளி என்பதால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று வீடே தீர்மானித்துவிட்டது. நானும்தான். அவள் சளியை யாருமே சோதிக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்றும் என் மேல்தான்.

"மில்லுல இருந்து மாலையோட வந்தாங்க," என்றார் அப்பா. "செத்தது நீதான்னு சொல்லிட்டோம். இல்லாட்டி இங்க உனக்கு மருந்த நிறுத்திருவாங்க. கல்லறைச் சிலுவையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கு."

நான் பிழைத்தேன். அக்கா பெயரிலேயே மில்லுக்குத் திரும்பினேன். அந்தப் பெயரிலேயே தாலியும் ஏறியது.

கல்லறைத் திருநாள்தோறும் போகிறேன். வெள்ளையடித்த சிலுவையில் என் பெயர். அதன் காலடியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ஜெபத்தில் அக்கா பெயரைச் சொல்ல வாயெடுப்பேன். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஏனென்று குரல் கொடுக்க இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.