மணலுக்குத் தெளித்த தண்ணீர்

பூங்காவைத் திறந்ததும் அவர் முதலில் போய்க் குந்துவது பிள்ளைகள் விளையாடும் மணல்தொட்டியின் ஓரத்தில்தான். மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்து அவரே செய்த சல்லடையில் மணலை அள்ளி அள்ளிச் சலிப்பார். ராத்திரி பூனைகள் புதைத்துவிட்டுப் போனதெல்லாம் வலையில் தங்கும், வாளியில் தட்டுவார். சாயங்காலம், புழுதி கிளம்பிப் பிள்ளைகள் இருமக் கூடாதென்று, பூவாளியால் மணல் முழுக்கத் தண்ணீர் தெளிப்பார். தோட்டக்காரர் என்கிற பேரே மறைந்து எல்லோருக்கும் அவர் 'சல்லடை' ஆகிவிட்டார்.

"வீட்டு அரிசியையாவது இப்படிச் சலிச்சிருக்கியா சல்லடை?" என்பார் வாட்ச்மேன்.

"அரிசியில கல்லுதானேய்யா இருக்கும்."

மனைவி தையல் கம்பெனிக்குப் போய்விடுவதால், நடக்கத் தொடங்கியதிலிருந்தே மகள் வளர்ந்தது அந்த மணலில்தான். மணலைப் பிசைந்து வீடு கட்டுவாள். அதே விரலை வாயில் வைப்பாள். தான் சலித்த மணல்தானே என்று அவரும் விட்டுவிடுவார்.

ஒரு நாள் கண்ணாமூச்சி ஆட்டத்தில் மகள் ஒரு கண்ணை மட்டும் பொத்திக்கொண்டு எண்ணினாள்.

"ஏய் கள்ளி, மத்த கண்ணால பாக்குற பாரு."

"இல்லப்பா. இதைப் பொத்தினாலே எல்லாம் இருட்டாயிடும்."

எவ்வளவு நாளாக என்று கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். நாய், பூனைக் கழிவிலிருந்து வரும் புழுமுட்டை வாய்வழியே போயிருக்கிறது. அதிலிருந்து வந்த புழு கண்ணுக்குள் ஏறித் தழும்பாக்கிவிட்டது. போன பார்வை திரும்பாது.

"மண்ணுல விளையாடுவாளா?"

மனைவி இவரைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார். பிள்ளைகள் குனிந்து உள்ளே போனார்கள்.

"மணல்ல புழு இருக்கும்மா, பிள்ளையைக் கூப்பிடுங்க," என்றார் ஒரு தாயிடம்.

"என்னண்ணே, நீங்கதானே தினமும் சலிக்கிறீங்க? அந்த நம்பிக்கையிலதான் இங்க விடுறோம்."

அவர் கயிற்றை இன்னும் தாழ்த்தி இறுக்கிக் கட்டினார்.

சூப்பர்வைசர் வந்து கயிற்றைத் தானே அவிழ்த்தார். "உன் வருத்தம் புரியுதுய்யா. புது மணல் அடுத்த வருஷம்தான் கேக்க முடியும். தொட்டியை மூட எனக்கும் அதிகாரமில்ல, உனக்கும் இல்ல."

இன்னும் நெருக்கமான வலை வாங்கிச் சட்டத்தில் அடித்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்பைவிடச் சீக்கிரமாக, விடியலிலேயே வந்து சலித்தார். சாயங்காலம் வழக்கம்போல் தண்ணீர் தெளித்தார்.

அடுத்த முறை மகளைக் காட்டப் போனபோதுதான் டாக்டரம்மா மீதியைச் சொன்னார். புதுக் கழிவால் ஆபத்தில்லை; முட்டை முற்றுவதற்குச் சில வாரங்களாவது ஆகும். கழிவிலிருந்து உதிர்ந்து மணலில் கலந்த முட்டை எந்த வலையிலும் தங்காது. வெயிலில் நன்றாகக் காய்ந்த மணலில் பெரும்பாலும் செத்துவிடும். ஈரமாகவே இருந்தால் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.