சாஸ்தாவின் இடமாற்றம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக எந்த உரிமையாளரும் தம் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவை யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, என் தங்கை கணவரின் பிக்கப் வண்டிக்கு எதிரே நின்று வாசித்துக் காட்டியிருந்தால், நான் கடவுளுக்கு மனு எழுத வேண்டி வந்திருக்காது.

மாப்பிள்ளை பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றி, தென்காசி, செங்கோட்டை வழியாக மலை தாண்டிக் கேரளாவில் இறக்குவது தொழில். சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் வண்டி டீசலைக் குடித்த வேகத்தில் மிச்சம் என்று ஒன்றும் நிற்கவில்லை. சென்னையில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்காரும் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனி முடிவதற்குள் வருவதாகவோ வரவில்லை என்றோ சொல்ல வேண்டும். பட்டாளத்துக்குக் கொடுத்த வருஷங்கள் போதாதா, இனிமேலும் தனியாக இருக்க வேண்டுமா என்பது என் தங்கையின் கேள்வி. மாப்பிள்ளைக்கும் போக மனமில்லை. ஆகவே வண்டியின் மைலேஜைக் கூட்டுவது குடும்பப் பிரச்சினை ஆயிற்று.

ராணுவம் அவருக்குத் துணிச்சலைக் கற்றுக் கொடுத்திருந்தது, சந்தேகத்தைக் கற்றுக் கொடுக்கவில்லை. கடைக்காரர் நீட்டியதையெல்லாம் வாங்கினார். டீசலில் கலக்கும் நீல மருந்து. காற்றைத் தாராளமாக உள்ளே விடும் ஃபில்டர். டீசல் குழாயில் கவ்வும் காந்தம். அடுத்ததாக அகலமான டயர்களுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பியவரை நான்தான் வழிமறித்தேன்.

"டயர் அகலமானா தரையில தேய்க்கது கூடும், மாப்ளே. டீசல் இன்னும் ஜாஸ்தியாத்தான் போகும்."

"பாக்கதுக்கு எடுப்பா இருக்கும்லா, அத்தான்."

"பேங்க் வாசல்ல நின்னாலும் எடுப்பாத்தான் இருப்பிய."

டயர் நின்றது. ஆனால் காந்தத்தை அவர் விடவில்லை. வைகாசி நடுவில் ஒரு வாரம் மைலேஜ் நன்றாகக் கூடியதாம். அந்த மகிழ்ச்சியில் இரண்டாவது காந்தமும் வாங்கிப் போட்டார். உடனே பழையபடி குறைந்துவிட்டது. ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கிறதோ என்று என்னிடம் ஆலோசனை கேட்டார்.

எந்த வாரம் என்று கேட்டேன். சொன்னார். அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவருடைய வண்டியின் பலகை என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

பலகை என்பது ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேல், சரக்கையும் தாண்டி இரண்டடி உயரத்தில், வண்டியின் முழு அகலத்துக்கும் நிற்கும் தகரம். 'சாஸ்தா துணை' என்று எழுதி, இரு பக்கமும் யானை வரைந்திருந்தது. போல்ட்டு கழன்று எழுத்தும் மங்கியதால் பெயிண்டரிடம் கொடுத்திருந்தார். ஐந்தருவிக் கடைக்காரர்கள் குற்றாலச் சீசனுக்குக் கொடுத்த பலகைகள் பெயிண்டர் வீட்டில் நிறைந்திருக்க, சாஸ்தா எதிர்வீட்டுச் சுவருக்கு, அதாவது என்னிடம், வந்து சேர்ந்தார்.

மறுநாள் வண்டியில் நானும் ஏறிப் போனேன். செங்கோட்டை தாண்டியதும் கணவாய்க் காற்று எதிரே வந்து அறைந்தது. மேலே தகரம் உறுமியது. மாப்பிள்ளை ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார்.

"மேல என்ன சத்தம்?"

"சாஸ்தா கூடவே வருதாருல்லா, அத்தான்!"

"கூட வரலை. பாய்மரம் புடிச்சிக்கிட்டு எதுத்தாப்புல நிக்காரு."

சிரித்தார். ஆனால் புரிந்துகொண்டார், ஏனென்றால் பிறகு மலை ஏறும் வரை தகரம் உறுமும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டார். கழற்றலாமே என்றேன். முகம் மாறிவிட்டது. தகுதிச் சான்றுக்காக எப்.சி.க்குப் போகும்போதெல்லாம் கழற்றித்தானே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அது லீவு, அத்தான். திரும்ப வந்துருவாருல்லா. இது அப்படியா?"

விஷயம் தங்கையிடம் போனது. குலதெய்வத்தைக் கேட்காமல் தொடக் கூடாது என்றாள். கீழப்பாவூர்ப் பக்கம், குளத்தங்கரையில் எங்கள் சாஸ்தா. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மட்டும் அங்கே பூக்கட்டிக் கேட்கலாம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம். வைகாசிக் கடைசிச் சனியன்று, "பலகையைக் கழத்தலாமா சாமி?" என்று கேட்டுத் தங்கை எடுத்தாள். சிவப்பு.

மாப்பிள்ளை பெட்டியை அடுக்க வேண்டியதுதான் என்று அவள் அங்கேயே அழுதாள். நான் பூசாரியிடம் மறுபடி கேட்க வழியுண்டா என்றேன்.

"ஒரே கேள்விய ரெண்டு தடவ கேக்கப்படாது, அண்ணாச்சி. வேற கேள்வின்னா அடுத்த மாசம் வாங்க."

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலமெல்லாம் நான் செய்த வேலையே இதுதான். நிராகரிக்கப்பட்ட மனுக்களில் பாதி, கேட்டது தவறு என்பதால் அல்ல, கேட்ட விதம் தவறு என்பதால் நிராகரிக்கப்பட்டவை. சாஸ்தாவிடம் தங்கை கேட்டது பணிநீக்கம். எந்த அதிகாரி தன் பணிநீக்கத்துக்குத் தானே கையெழுத்துப் போடுவார்? நான் இடமாற்றம் கேட்க வரைவு தயாரித்தேன். தங்கை அதை மனப்பாடம் செய்தாள்.

ஆனி முழுவதும் காத்திருந்தோம். காற்று பலத்தது, தகரம் உறுமியது. சென்னையிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. கோவிலில் இருக்கிறேன் என்றே இரண்டு தடவையும் மாப்பிள்ளை சொன்னார்.

பூக்கட்டிக் கேட்கும் அந்தச் சனிக்கிழமை சாரலில் நனைந்துகொண்டு நின்றோம். தங்கை கைகூப்பிச் சொன்னாள்: "சாமி, வெயில்லயும் மழையிலயும் வெளிய நின்னது போதும். வண்டிக்குள்ள, கண்ணாடிக்கு மேல, எங்க வீட்டுக்காரரு கண்ணுக்கு நேரா வந்து உக்காரணும்."

பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்காமல் கணவரிடம் நீட்டினாள். மாப்பிள்ளை வாங்கிப் பிரித்தார். இலைக்குள் வெள்ளை நந்தியாவட்டை.

"உத்தரவாயிட்டு, அண்ணாச்சி," என்றார் பூசாரி.

மாப்பிள்ளை குளத்தங்கரையில் நின்றபடியே சென்னைக்குப் போன் போட்டு, வரவில்லை என்றார். தங்கை என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போவமா, அண்ணே?" என்றாள். வண்டியின் மேல் சாஸ்தா கடைசித் தடவையாக நனைந்துகொண்டிருந்தார். எங்கள் மனுவுக்குப் பதில் வந்த தேதி, ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை.