குடிக்காத வெள்ளத்துரையின் சிவந்த மூஞ்சி

கொருக்குப்பேட்டை வெள்ளத்துரை தன் வாழ்நாளில் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் ஐம்பது வயதில் அவர் மூஞ்சியைப் பார்த்தால், விடிந்ததும் ஒரு குவார்ட்டரைப் போட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்றுதான் எவனும் சொல்வான். கன்னம் இரண்டும் சிவப்பு, மூக்கு அதைவிடச் சிவப்பு, நடுநடுவே சிறுசிறு பருக்கள். இந்த லட்சணத்தில் சர்ச் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. குடியின் கேட்டைப் பற்றி அவர் பேசியபோது பின்வரிசையில் ஒரே சிரிப்பு. அங்கே உட்கார்ந்திருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன் என்று மனைவி ஞானபாக்கியத்திடம் அவரே ஒப்புக்கொண்டார்.

முதலில் வத்தல் நெடி என்று விட்டுவிட்டார். மிளகாய் வத்தல் வியாபாரிக்கு மூஞ்சி எரியாமல் குளுகுளுவென்றா இருக்கும்? எரிச்சல் பொறுக்காமல் பக்கத்து மெடிக்கல் கடைத் தமீமிடம் போய் நின்றார். அவன் ஒரு க்ரீமைக் கொடுத்து, ரெண்டே நாள் தடவு மாமு, அப்பால நிறுத்திடு என்றான். ரெண்டு நாளில் மூஞ்சி புதுமாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அங்கேதான் வியாபாரி மூளை வேலை செய்தது. ட்யூபில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறதே, வீணாக்கலாமா? தடவினார். தீர்ந்ததும் தமீமுக்குத் தெரியாமல் வேறு கடையில் வாங்கித் தடவினார். ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் விட்டாலும் மூஞ்சி அடுப்பாக எரிந்தது.

தோல் டாக்டரிடம் போங்கள் என்று ஞானபாக்கியம் கரடியாகக் கத்தினாள். எப்படிப் போவது? அவர் பார்த்த போர்டிலெல்லாம் ‘தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர்’ என்றுதான் போட்டிருந்தது. அந்தப் படியில் மதுவிலக்குச் சங்கச் செயலாளர் ஏறுவதை ஒருத்தன் பார்த்தால் போதும், மூக்கு சிவந்ததற்கு ஊர் வேறொரு காரணம் கண்டுபிடித்துவிடும்.

இந்த நேரம் பார்த்து மகள் மகிமாவுக்கு வரன் வந்தது. பையன் டென்னிஸ். திருவொற்றியூரில் இரும்புக்கடை வைத்திருக்கிற தேவப்பிரியத்தின் மகன். பெண் பார்க்க வந்தார்கள், இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. வெள்ளத்துரை மட்டும் பதற்றத்தில் சுடச்சுட டீயைக் குடித்துவிட்டு மூஞ்சி ஜிவுஜிவு என்று உட்கார்ந்திருந்தார். தேவப்பிரியம் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டு ஆட்களுக்கு ஒரு வழக்கம். வீட்டுக்குள் பதவிசாகச் சிரித்துவிட்டுத் தெருவில் போய் விசாரிப்பார்கள். பெண்ணுடைய அப்பா தண்ணி போடுவாரா என்று மறுநாளே டீக்கடையில் கேட்டார்களாம். மகிமா அழவில்லை, ஆனால் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வெள்ளத்துரைக்கு அதைத் தாங்க முடியவில்லை. கைக்குட்டையால் மூஞ்சியை மூடிக்கொண்டு யானைக்கவுனியில் ஒரு தோல் டாக்டர் படியேறினார். மூடியதால்தான் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் நர்மதா இதற்கு ரோசேசியா என்று பேர் சொன்னார். தொற்றுநோய் இல்லை. குடிக்காதவர்களுக்கும் வரும். முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். வெயில், சூடான டீ, காரம், கோபம், கூச்சம், எது தூண்டிவிடுகிறது என்று கவனித்து ஒதுக்க வேண்டும். வத்தல் கடைக்காரன் ஃப்ரிட்ஜுக்குள் உட்கார்ந்து வியாபாரம் பண்ண வேண்டியதுதான் என்று வெள்ளத்துரை நினைத்துக்கொண்டார். வெயிலுக்கு ஒரு க்ரீம், பருவுக்கு ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார் டாக்டர். பழைய க்ரீமில் இருப்பது ஸ்டீராய்டு, அதுதான் இவ்வளவு கெடுத்தது, உடனே நிறுத்துங்கள், நிறுத்தினதும் சில வாரம் இன்னும் மோசமாகும் என்றார்.

தேவப்பிரியம் ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்ல வருவதாக இருந்தது. அதற்கு ஒன்பது நாள். பழசைத் தடவினால் அதுவரை சமாளித்துவிடலாம். ட்யூபைத் திறந்த நேரத்தில் மகிமா வந்துவிட்டாள்.

“தடவுங்கப்பா. நிச்சயம் வரைக்கும் தடவுங்க, கல்யாணம் வரைக்கும் தடவுங்க, அப்பால பேரன் பொறக்கிற வரைக்கும் தடவுவீங்க.”

அவர் ட்யூபைக் குப்பையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூஞ்சி பழுத்த தக்காளி. தேவப்பிரியம் தனியாகத்தான் வந்தார். அவர் உட்காருவதற்குள் வெள்ளத்துரை மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

“அண்ணாச்சி, நான் குடிக்க மாட்டேன். இது தோல் சீக்கு. தோல் டாக்டர்கிட்ட வைத்தியம் பாக்கேன். என் மூஞ்சிய வச்சு என் பிள்ளைய வேண்டாம்னு சொல்லிராதீங்க.”

ஞானபாக்கியம் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போகும்வரை தேவப்பிரியம் காத்திருந்தார். பிறகு சட்டைக் கையை மெல்லச் சுருட்டினார். முழங்கையில் தோல் தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது.

“நாலு வருசமா மறைக்கேன். வீட்டுல கூடத் தெரியாது. அடுத்த தடவை போகையில என்னையும் கூட்டிட்டுப் போங்க, சம்பந்தி.”

அந்தக் கடைசி வார்த்தை வெள்ளத்துரையின் காதில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் தேவப்பிரியத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகிமாவைக் கூப்பிடக்கூட வாய் வராமல் அழுதார்.