லட்சணம் இல்லாத லாட்

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் கடையில் தரம் பார்ப்பது என் வேலை. ஈரம் பார்க்கும் மாய்ஸ்சர் மீட்டர், பருமன் பார்க்கும் எட்டு எம்எம் சல்லடை, ஒரு லிட்டர் காயின் எடையான லிட்டர் வெயிட் எல்லாம் எனக்கு அத்துப்படி. தரமில்லை என்று கழிக்கும் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒருவர் கொண்டுவரும் மொத்தச் சரக்குக்கும், ஃபாரத்தில் காரணம் எழுத வேண்டும் என்று முதலாளி ஒருநாள் விதி போட்டார். “காரணம் இல்லாம காயைக் கழிச்சா, கழிச்ச ஆளையும் கழிச்சிருவேன்” என்றார். விளையாட்டுக்குப் பேசுகிறவர் அல்ல.

மறுநாளே, குரங்கணியிலிருந்து வந்த ஒரு லாட்டைச் செல்லத்தாயக்கா தள்ளி வைத்துவிட்டார். ராசிங்காபுரத்திலிருந்து வந்து எங்களிடம் காய் பொறுக்குகிறவர். நான் அளந்து பார்த்தேன். ஈரம் சரி, பருமன் சரி, பச்சையும் சரி.

“என்னக்கா குறை?”

“குறைன்னு ஒண்ணுமில்ல தம்பி. எல்லாம் இருக்கு, லட்சணம் இல்ல.”

“அதை ஃபாரத்துல எப்படிக்கா எழுதுறது?”

“அது ஒன் சோலி” என்று அடுத்த தட்டை இழுத்துக்கொண்டார்.

அவர் வேலை போய்விடக் கூடாதே என்று ‘ஈரம் அதிகம்’ என எழுதினேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. முதலாளி மீட்டரை வைத்துப் பார்த்தார், பொய் பல்லிளித்தது.

“அந்தம்மாவ நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லு.”

“அவங்க ஈரம்னு சொல்லவே இல்ல, மொதலாளி. நான்தான் எழுதுனேன்” என்று ஒப்புக்கொண்டேன்.

என்னை முறைத்துவிட்டு, அந்தக் காயை ஒரு தட்டிலும் வேறு நல்ல காயை நான்கு தட்டிலும் அவரே பரப்பினார். அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கையால் அளைந்து பார்த்து அதே தட்டைத் தள்ளினார். முதலாளி தட்டுகளை இடம் மாற்றி வைத்தார், அப்போதும் அக்கா தள்ளியது அதே தட்டுதான். மூன்றாம் தடவை அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எத்தன வாட்டிதான் இதையே காட்டுவீக?”

முதலாளி ஐந்து தட்டையும் முகர்ந்தார், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் பிடிபடலையே அப்பு” என்றார். எனக்கும் பிடிபடவில்லை, இன்றுவரை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “எனக்காகத்தான எழுதுன, போ” என்றதோடு விட்டுவிட்டார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தெரியாத காரணத்தைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள்.

அன்றே ஃபாரத்தைத் திருத்தித் தரச் சொன்னார் முதலாளி. வெகுநேரம் யோசித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் ‘செல்லத்தாய்’ என்று எழுதி நீட்டினேன். படித்தார். கையெழுத்துப் போட்டார்.